எண்பதில் நிதானம்

"எண்பது! எண்பது காட்டுதும்மா!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார் நிதானம்.

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு ஏதோ கூவினாள். அந்த இறக்கத்தில் அவர்களை ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது.

சைக்கிளின் பின்கூடையில் இருந்த நாய்க்குட்டி இவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டது.

"நிறுத்துங்க வண்டியை," என்றாள் மனைவி. "எண்பதுல போறவங்களை எந்த ஊருல சைக்கிள் முந்தும்?"

"வெளிநாட்டு வண்டிம்மா. வேகமே தெரியாது."

"நமக்குத் தெரியாது சரி. சைக்கிளுக்குமா தெரியாது?"

நிதானம் பிரேக்கைப் பிடித்தார். பொத்திப் பொத்திக் காத்த ரகசியத்தை ஒரு நாய்க்குட்டி சந்திக்குக் கொண்டுவந்துவிட்டதே!

அவருக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. நாள் முழுக்க நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, மாடிப்படி இறங்கும்போதுகூட ஹாரன் அடிக்காத குறைதான். 'நிதானம்' என்பது கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். இப்போது வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். உயரப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதிப்பது அவளுக்குச் சோம்பல் முறிக்கிற மாதிரி. வெளிநாட்டிலிருந்த தம்பி, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அக்காவுக்கென்று கப்பலேற்றி அனுப்பியிருந்தான். ஆனை உசரம். அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. ஓட்டுகிற தலைவிதி இவருக்கு வந்து சேர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்று அவள் ஓயாமல் நச்சரிக்க, கடவுளாகப் பார்த்து அனுப்பினதுபோல மீட்டர் பொய் சொன்னது. முப்பதில் போனால் எண்பது காட்டும். அவள் எட்டிப் பார்த்துக் குளிர்ந்துபோவாள். இவரும் முழுசாக வீடு வந்து சேர்வார்.

"இன்னைக்கே மெக்கானிக்கிட்ட விடுங்க," என்றாள் மனைவி. "மீட்டர் சரியாகலேன்னா உங்களைப் பின்னாடி உட்கார வெச்சு நானே ஓட்டுவேன்."

"உனக்குத்தான் கால் எட்டாதே?"

"நிறுத்தினாத்தானே கால் வேணும்? நிறுத்தவே மாட்டேன்!"

அன்றைக்கே நிதானம் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் செல்போனில் வேகம் காட்டும்படி வைத்து, அதை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"மைல் கணக்கு மீட்டரோன்னு பார்த்தேன் சார். மைல்னா கம்மியாக் காட்டணும். இது அள்ளி விடுது."

சீட்டைக் கழற்றினார். மீட்டருக்குப் போகும் ஒயரின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது.

"இதுதான் விஷமம். முன்னாடி வெச்சிருந்தவர் மீட்டரைத் திருத்தறேன்னு மாட்டியிருக்கார், அளவைத் தப்பா வெச்சுட்டார். பட்டனை நாலு அமுக்கு அமுக்கினாச் சரியாயிடும்."

நிதானம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அந்தப் பெட்டியைத் தொட்டுடாதீங்க!"

"சரி பண்ணத்தானே வந்தீங்க?"

"சரி பண்ணின மாதிரி இருக்கட்டும். அது பொய் சொல்றவரைக்கும்தான் எனக்கு ஆயுசு."

மெக்கானிக் சீட்டைத் திரும்ப மாட்டினார். "உங்க குடும்ப விஷயம், எனக்கென்ன. ஆயிலை மட்டும் மாத்தி வெக்கிறேன். காலையில வந்து எடுத்துக்குங்க."

அன்று சாயங்காலம் மனைவி தாமதமாக வீட்டுக்கு வந்தாள். நேரே குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்தேயென்று தேய்த்தாள்.

"தங்கச்சியோட தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஒரே கறுப்பு," என்றாள்.

நிதானம் அதைக் காதில் வாங்கவில்லை. 'மீட்டர் சுத்தமாச் சரியாயிடுச்சும்மா' என்பதை எந்த முகத்தோடு சொல்வதென்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வண்டியை எடுத்து வந்தார். மனைவி ஏறி உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும், "முறுக்குங்க!" என்றாள்.

நிதானம் தாராளமாக முறுக்கினார். மீட்டர் எண்பதைத் தொட்டது. முப்பதுதானே என்று அவர் சீட்டியடித்தார்.

சட்டை பலூன்போல உப்பியது. இன்றைக்குக் காற்று கொஞ்சம் பலம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு லாரியை முந்தினார், ஒரு பஸ்ஸை முந்தினார். ஒருவழியாக ஜனங்களுக்குப் புத்தி வந்து மெதுவாக ஓட்டுகிறார்களே என்று மனம் நிறைந்தது. ஒரு வளைவில், வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, ஒரு கையை எடுத்து வழியில் நின்றவர்களுக்கு டாட்டா காட்டினார்.

அப்படிக் காட்டியது ஒரு போக்குவரத்துக் காவலருக்கு.

அவர் விசில் ஊதி ஓரம்கட்டினார். "ஐம்பதுக்கு மேல போகக்கூடாத ரோடு சார் இது."

நிதானம் இறங்கி அவர் காதருகே போனார். "பயப்படாதீங்க சார். மீட்டர் எண்பது காட்டினா நான் முப்பதுல வர்றேன்னு அர்த்தம். சத்தம் போடாதீங்க, வீட்டுல கூட இருக்காங்க."

காவலர் கையிலிருந்த வேகம் அளக்கும் கருவியைத் திருப்பிக் காட்டினார். அதிலும் எண்பது.

"ஐயோ பாவம், உங்க மெஷினுலயும் யாரோ பெட்டி மாட்டியிருக்காங்க," என்றார் நிதானம்.

"என்ன பெட்டி? காலையிலதான் சார் சோதிச்சுக் கொடுத்தாங்க. இம்மி பிசகாது."

நிதானம் கருவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வந்த வழியைப் பார்த்தார். லாரியும் பஸ்ஸும் டாட்டா காட்டிய கையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, சாலையோரக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மனைவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடி நாலாபக்கமும் பறக்க, முகமெல்லாம் பல்லாக அவர் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

"அந்தப் பெட்டியை நேத்தே மெக்கானிக் பக்கத்துல நின்னு நான் சரிபண்ண வெச்சுட்டேங்க!"