சாய்ந்து நிற்கும் நாய்

நாய்ப் பண்ணையின் முற்றத்தில் காலை வெயில் சரிவாக விழுகிறது. நாய் வாங்க வந்த கணவர், செயின்ட் பெர்னார்ட் என்ற பெரிய சடைநாயின் கழுத்து மயிருக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். "குழந்தைங்களுக்கு இதுதான் லாயக்கு. எவ்வளவு சாது பாரு!" அதன் எச்சில் அவர் செருப்பில் சொட்டுகிறது. வீட்டுக்கு நாயே வேண்டாமென்று ஒற்றைக் காலில் நிற்கும் மனைவி, அதையே இன்னொரு முறை சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் அவள் இடுப்புயரத்துக்கு சாம்பல் நிறத்தில் ஒரு கிரேட் டேன் நாய் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. குதிரைக்குட்டிக்கு இருப்பதுபோல நெடுங்கால்கள், வெயிலில் மினுங்கும் தோல். அது குரைக்கவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை. தன் முழுக் கனத்தையும் அவள் தொடையில் சாய்த்துப் பெருமூச்சு விடுகிறது. "வா, இதையே பேசி முடிச்சுடலாம்," செயின்ட் பெர்னார்டைத் தட்டிக்கொடுத்தபடி கணவர் கூப்பிடுகிறார். அவள் இரண்டு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொள்கிறாள். "எப்படிங்க வர்றது? நான் நகர்ந்தா இது விழுந்துடுமே!"