கேட்டுக்கொண்டிருப்பவர்கள்

நிச்சயத்துக்கு முன்பு பெண் வீட்டுக் கணினியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து இணையும் வழியை, திறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பெண் வீட்டில் எப்படிப் பேசுகிறாள் என்று அவர்கள் அதன் வழியாகக் கேட்பார்கள்.

வேலையிலிருந்து வந்த நிறைமதி கணினியைச் சோதித்தாள். போன மாதமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட கரூர்க்காரர்கள் இன்னும் இணைப்பில் இருந்தார்கள்.

அம்மா அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள். "மூடிடாதடி. இன்னும் கேக்குறாங்கன்னா மனசு மாறியிருக்கும்."

"மாறலம்மா. அவங்களுக்குப் பொழுது போகுது."

"ஒரு வாரம் பாப்போம்."

"உன்கூடச் சத்தமாச் சண்டை போட்டே ரொம்ப நாளாச்சும்மா. என்னால முடியல."

நிறைமதி போர்ட்டை மூடினாள். இணைப்பு போய்விட்டதா என்று அம்மா திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"முப்பத்தஞ்சு வயசாச்சேடி உனக்கு!"