கொழுந்துத் திருடி

"இன்னிக்கு ரெண்டு! சிவப்பு குரோட்டன்ஸ்ல ரெண்டு கொழுந்தைக் காணோம்!"

ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"பூச்சி கீச்சி கடிச்சிருக்கும்ங்க."

"பூச்சி நகத்தால கிள்ளுமா? பாரு, காம்புல இன்னும் பால் வடியுது. எல்லாம் மேல இருக்காளே, உன் அருமைத் தங்கச்சி, அவ வேலைதான்!"

மாடியில் குடியிருக்கும் தையல்காரியும் இவளும் நகமும் சதையுமாக இருப்பது அவருக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

"போன வருஷம் ஒரு கிளை கேட்டா. நான் தரலை. அன்னைக்கே கண்ணு வச்சுட்டா."

முப்பது வருடம் ரயிலில் ஓடியவர். எதிரே யார் வந்தாலும் டிக்கெட் இல்லாத ஆள் என்றுதான் முதலில் தோன்றும். அதிலும் குரோட்டன்ஸ் என்றால் அவருக்கு உயிர். மழை ஓய்ந்ததும் எட்டுத் தொட்டியிலும் தளிர் கிளம்பியிருந்தது. ஒன்று செம்பு நிறம், ஒன்று எலுமிச்சை மஞ்சள், இன்னொன்று பச்சையில் ரோஸ் பொட்டு. அதில் ஒருத்தி கை வைத்தால் வயிறு எரியாதா?

முதல் வாரம் கட்டிலில் இருந்தபடி ஜன்னல் வழியாகவே காவல் காத்தார். திருடி சிக்கவில்லை. அடுத்த வாரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்போதும் கொழுந்து போனது. போன வாரம் தொட்டி தொட்டியாகச் சுற்றி வந்து எண்ணினார்.

"இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போறேன்."

"அவ தனிக்கட்டை. தையல் மெஷினைத் தூக்கிட்டு எங்கங்க போவா? கண்ணால பாக்காம பழி போடாதீங்க. வேணும்னா மேல போய் நீங்களே தேடுங்க."

"போறேன். எனக்கென்ன பயமா?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்கியது. ஆத்திரம் விடவில்லை. மனைவி பின்னாலேயே வந்தாள்.

அவரை வாசலில் கண்டதும் தையல்காரியின் கண்கள் விரிந்தன. திருட்டு முழி, சந்தேகமே இல்லை.

"என் கொழுந்தையெல்லாம் எங்க நட்டு வச்சிருக்கே?"

"தாராளமா தேடுங்க சார்" என்றாள், கொஞ்சமும் கோபப்படாமல். அதுவே அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

பால்கனிக்குப் போய் வாளி, டப்பா ஒன்று விடாமல் நகர்த்திப் பார்த்தார். உள்ளே இருவரும் குசுகுசுத்தார்கள். ஓடும் ரயிலிலேயே ரகசியம் கேட்ட காது அவருடையது.

"திருடிப் பட்டம் எனக்குப் பழகிப்போச்சுக்கா. நாளைக்கும் கிள்ளுவீங்களா?"

"போதும்மா, பதினோரு கொழுந்து கிள்ளிட்டேன், பாவம் அந்தச் செடி. எழுந்து நடங்கன்னு டாக்டர் கெஞ்சியும் ஆறு மாசமா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்னு படுத்துக் கிடந்த மனுசன், இன்னிக்குப் பதினாலு படி ஏறி வந்துட்டாரே!"