தம்பியின் நடிப்பு

“நடிக்கிறான் சார். நாலு வயசுலயே இதயத்துல இருந்த ஓட்டைய அடைச்சாச்சு. இதயம் நல்லாயிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார். இன்னும் என்ன மூச்சு வாங்குது இவனுக்கு?”

மூச்சுப் பரிசோதனை அறையில் அண்ணன் பொரிந்து தள்ளினான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவதுதான் அண்ணன் தம்பி இருவருக்கும் தொழில்.

“மாடிப்படியில திருப்பத்துக்குத் திருப்பம் பீரோவ இறக்கி வச்சிடுறான். நான் மேல்படியில தேவுடு காத்துக்கிட்டு நிக்கணும்.”

தம்பி மெஷினில் மாட்டியிருந்த குழாயை வாயில் வைத்து ஊதினான்.

“மூச்சு இருக்க வேண்டியதுல பாதிதான் வருது” என்றார் பரிசோதகர்.

“நான் அதட்டுறேன், வரும் பாருங்க. ஊதுடா. நிறுத்தாத. இன்னும் ஊது.”

தம்பியின் உதடு நீலம் பாரித்தது. மறுபடியும் அதே பாதிதான்.

“மெஷின் கோளாறு. நான் ஊதிக் காட்டுறேன்.”

பரிசோதகர் வேறு குழாய் மாட்டிக் கொடுத்தார். அண்ணன் ஊதினான். முழுசாக வந்தது.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு. இதயக் கோளாறோட பொறந்த சிலருக்கு நுரையீரல் முழுசா வளர்றதில்ல. ஓட்டைய அடைச்சுட்டா மட்டும் அது சரியாயிடாது.”

அண்ணன் விடவில்லை. “அதே பீரோவத்தானே நானும் தூக்குறேன்? எனக்கு ஏன் மூச்சு வாங்கல?”

தம்பி குழாயைக் கீழே வைத்தான்.

“படி ஏறுறப்போ பாரமெல்லாம் கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன் மேலதான் இறங்கும். பதினோரு வருஷமா மேல்பக்கம் உன்னோடது. நாளைக்கு இடம் மாத்திக்கலாம். யார் நடிக்கிறாங்கன்னு தெரிஞ்சிடும்.”