முதல் பத்து நிமிஷம்

"ஏம்மா, என் வேலை மேல உனக்கு நம்பிக்கையே இல்லையா?"

விடிந்தும் விடியாத பொழுதில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டுக்கொண்டிருந்த மருமகளிடம் மாமனார் எகிறினார்.

"பில்டர் இல்லாதவங்கதான் முதல் பத்து நிமிஷத் தண்ணியைக் கொட்டணும்னு பிளம்பர் சொன்னார். நம்ம வீட்லதான் நான் பில்டர் மாட்டி ரெண்டு மாசம் ஆச்சே!"

"பழக்கமாயிடுச்சு மாமா."

"நல்ல பழக்கம்! இவ திருந்த மாட்டா."

அவர் கோபம் நியாயமானதுதான். அந்த வீட்டு போர்வெல்லில் பழைய இரும்புக் குழாய். பில்டர் மாட்டுவதற்கு முன்பெல்லாம் ராத்திரி முழுக்கத் துரு ஊறி, காலையில் தண்ணீர் செக்கச்செவேலென்று வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மருமகளின் வெள்ளை யூனிபார்ம் எல்லாம் பழுப்புத் திட்டு.

"முப்பது வருஷம் கம்பெனியில குழாய் பிட்டரா இருந்தவன்டா நான். ஆளெல்லாம் வேணாம்" என்று மகனிடம் சவால் விட்டு, மாமனாரே துருவை வடிகட்டும் பில்டரை மாட்டினார். கை நடுங்குகிறது என்று கம்பெனி வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த மனுஷர். தண்ணீர் தெளிந்ததும் ஆளே மாறிவிட்டார். தெருவில் அவருக்கு 'பில்டர் சார்' என்றே பெயர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர், பிளம்பரையும் கூட்டிக்கொண்டு பில்டரைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

"பாருங்க!" மாமனார் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "தூசு தும்பு இருக்கா?"

"இல்லவே இல்லை சார்!"

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பிளம்பரின் முகம் மட்டும் மாறியது. நிமிர்ந்தார். மாமனாருக்குப் பின்னால் நின்ற மருமகள், வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள்.

"என்னய்யா முழிக்கிறே? ஏதாவது கோளாறா?"

"அதெல்லாம் இல்ல சார். எங்க வீட்டுக்கும் நீங்கதான் வந்து மாட்டணும். நான் கூட நின்னு சாமான் எடுத்துத் தரேன்."

"எனக்கும் சார்!" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லோரையும் காபி குடிக்க உள்ளே அழைத்துப் போனார்.

பிளம்பர் பின்தங்கினார்.

"மாட்டும்போது பில்டர் வால்வை மூடியிருக்கார். திறக்க மறந்துட்டார். தண்ணி பூரா பில்டரைச் சுத்திப் போற பக்கத்துக் குழாய் வழியாத்தான் போகுது. ரெண்டு மாசமா இந்த பில்டருக்குள்ள ஒரு சொட்டுகூடப் போகலையேம்மா!"

"ஏதோ சரியில்லைன்னு மறுநாள் காலையிலேயே தெரிஞ்சுது அண்ணே. சிவப்பாத்தான் வந்துச்சு. ஆனா, மாமா முந்தின நாள்தான் பல மாசம் கழிச்சுச் சிரிச்சுட்டு, வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தார். எப்படிச் சொல்றது? அன்னிலேர்ந்துதான் அவர் பார்க்கிறதுக்குள்ள பத்து நிமிஷம் கொட்டிடறேன்."

பிளம்பர் பக்கத்துக் குழாயை மூடி, பில்டர் வால்வைத் திறந்தார். மோட்டாரைப் போட்டார். தண்ணீர் பில்டருக்குள் சீறிப் பாய்ந்தது. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். எதிலும் சொட்டு ஈரம் இல்லை.

"வேலை படு சுத்தம்மா! நாளையிலேர்ந்து நீ பத்து நிமிஷம் சேர்த்துத் தூங்கு."