பியூலாவுக்கான ஜெபம்

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குள் மாலை வெயில் சாப்பாட்டு மேசை வரை வந்து நிற்கிறது. மகள் பியூலா சாலை விபத்தில் இறந்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து ஹெப்சிபா வாய்திறந்து ஜெபித்ததே இல்லை. கணவர் ஞானராஜ்தான் தினமும் ஜெபிக்கிறார். இன்று இருவரும் மேசையருகே கண்மூடி உட்கார்ந்திருக்க, அவராலும் பாதிக்கு மேல் ஜெபிக்க முடியவில்லை. தெருமுனையில் ஆறு மணி பஸ் வந்து நிற்கும் சத்தம். ஹெப்சிபாவின் உதடுகள் தாமாகவே அசைகின்றன. "ஆண்டவரே, பியூலாவைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்." மகள் டைப்பிஸ்ட் வேலைக்குப் போய் இந்த பஸ்ஸில் திரும்பிய நாள்களில் தினமும் சொன்ன வார்த்தைகள். சொன்ன பிறகே அவளுக்கு உறைக்கிறது. சட்டென்று நிறுத்திவிடுகிறாள். ஞானராஜ் கண் திறக்காமல், "நிறுத்தாதம்மா, சொல்லு" என்கிறார். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. "அவ உம்மகிட்டதானே இருக்கா, ஆண்டவரே? என்னையும் விட்டுடாதேயும்." வாசல் கேட்டின் கொக்கி, பியூலா வந்து திறக்கும்போது கேட்பதைப் போலவே, மெல்ல ஒலிக்கிறது. இருவரும் கண்களை இன்னும் இறுக மூடிக்கொள்கிறார்கள்.