மீனோ, மரமோ?

பேசாலைத் தேவாலயப் பங்குப் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரை இடுக்குகளால் காலை வெயில் மணல்தரையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. விக்ரோறியா மகாராணியின் படத்துக்குக் கீழே, முத்துச்சிப்பிகள் வெள்ளைப் பக்கம் தெரியப் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கரியால் ஓர் எழுத்து. சந்தியாப்பிள்ளை வாத்தியார் ஒரு சொல்லைச் சொன்னதும் அதற்குரிய எழுத்தைத் தூக்க வேண்டும். பிழையாகத் தூக்கியவர் விளையாட்டில் இல்லை. எட்டு வயது மதலேனாள் தினமும் முதலில் தோற்கிறவள். இன்று எப்படியோ கடைசி ஆளாக மிஞ்சியிருக்கிறாள். வாத்தியார், "வாளை" என்கிறார். அவள் கை 'ள' சிப்பிக்குப் போகிறது, 'ழ' சிப்பிக்குப் போகிறது, நடுவில் நிற்கிறது.

"மீனோ, மரமோ வாத்தியார்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கிறார்கள். வாத்தியாருக்கும் சிரிப்பு வருகிறது. "மரந்தான் பிள்ளை. வாளை!"

"ரெண்டையும் ஒரே மாதிரித்தானே சொல்லுறியள்," என்கிறாள் அவள், அழுகை முட்டும் குரலில்.

சிரிப்பு நின்றுவிடுகிறது. வாத்தியார் அந்தச் சொல்லைத் தனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்க்கிறார். இரண்டு தரமும் 'ள'தான் வருகிறது. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவள் முன்னால் மணலில் குந்துகிறார்.

"எங்க, நீ ஒருக்காச் சொல்லு."

"வாழை," என்கிறாள் மதலேனாள். எல்லாரும் நெருங்கி வந்து அவள் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறார்கள். வாத்தியார் மெல்ல வாயைத் திறந்து, அவளைப் போலவே நாக்கை மடிக்கிறார்.